பிரிட்டனின் உணவுத் தர முகமையும் பொதுமக்கள் கருத்துக்கேட்பும்

உணவுத் தர முகமை என்பது ஐக்கிய இராச்சியத்தில் 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் செயற்படத் தொடங்கிய அரசு அமைப்பாகும். உணவால் மக்களின் உடல்நலத்துக்கு நேரக்கூடிய கேடுகளைத் தடுப்பதும், உணவு தொடர்பான நுகர்வோர் நலன்களைக் காப்பதும் இதன் சட்டப்படியான கடமைகள். அமைச்சர் ஒருவரின் நேரடி ஆணைக்குள் வராத அரசுத் துறையாக இது அமைக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இம்முகமை தன் வருங்காலத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, பொதுமக்கள், வணிகர்கள், உள்ளாட்சி மன்றங்கள், நுகர்வோர் அமைப்புகள் ஆகியோரின் கருத்தைக் கேட்கிறது. கேட்பது சடங்கா, சாரமுள்ள செயலா என்ற வினா முகமை பிறந்த நாள் முதல் அதனைத் தொடர்ந்து வருகிறது. அதற்குக் காரணம் முகமை பிறந்த சூழலிலேயே இருக்கிறது.

நம்பிக்கை இழந்த காலம்

முகமை தோன்றுவதற்கு முன்பு உணவுப் பாதுகாப்பு பெரும்பாலும் வேளாண்மை, மீன்வளம், உணவு அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்தது. உழவரும் பண்ணையாளரும் நல்ல விலை பெற வேண்டும் என்று பார்ப்பதும் அதே அமைச்சகம். அவர்கள் விற்கும் இறைச்சி பாதுகாப்பானதா என்று பார்ப்பதும் அதே அமைச்சகம். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே வழக்கறிஞர் வாதாடியது போன்ற நிலை இது.

1988 டிசம்பரில் நலவாழ்வுத் துறையின் இளநிலை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மொனெல்லா நுண்ணுயிரால் பாதிக்கப்பட்டுள்ளது என்று கூறினார். முட்டை விற்பனை சரிந்தது. பண்ணையாளர்கள் கொதித்தெழுந்தனர். இரு வாரங்களில் அவர் பதவி விலக நேர்ந்தது. அவர் சொன்ன அளவு மிகையானது என்பது உண்மைதான். ஆனால் முட்டையில் நோய்க்கிருமி இருந்ததும் உண்மை. உண்மையின் ஒரு பகுதியைச் சொன்னாலும் பதவி போகும் என்ற பாடத்தை அரசினர் அதிலிருந்து கற்றுக்கொண்டனர்.

அதைவிடப் பெரிய கேடு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1986 நவம்பரில் வேபிரிட்ஜில் உள்ள மையக் கால்நடை ஆய்வகம் மாடுகளைத் தாக்கும் புதிய மூளை நோய் ஒன்றை அடையாளம் கண்டது. நடை தடுமாறி, மிரண்டு, விழுந்து இறந்த அம்மாடுகளைக் கண்ட மக்கள் இதனைப் பித்துப்பிடித்த பசு நோய் என்று அழைத்தனர். அறிவியலார் வைத்த பெயரின் சுருக்கம் பிஎஸ்இ. இறந்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாட்டுத் தீவனத்தில் கலந்ததே இந்நோய் பரவக் காரணம். புல் தின்னும் விலங்குக்கு அதன் இனத்தின் உடலையே தீவனமாக்கியது மலிவுக்காகச் செய்யப்பட்ட வேலை. 1988 ஜூலையில் அத்தகைய தீவனம் தடை செய்யப்பட்டது. 1989இல் வெளிவந்த சௌத்வுட் குழு அறிக்கை, இந்நோய் மனிதரைத் தாக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றது. அமைச்சர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டனர். அதே அறிக்கை, தன் கணிப்பு தவறாகிப் போனால் விளைவு மிகக் கொடியதாக இருக்கும் என்றும் எச்சரித்திருந்தது. அந்த வரி மேடைகளில் அவ்வளவாக ஒலிக்கவில்லை. 1990 மே மாதத்தில் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர், செய்தியாளர்களின் ஒளிப்படக் கருவிகளுக்கு முன் தம் 4 வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் ஊட்ட முயன்ற காட்சி இன்றும் பிரிட்டனில் நினைவுகூரப்படுகிறது.

1996 மார்ச் 20 அன்று நலவாழ்வு அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் எழுந்து, இளம் வயதினர் சிலரைத் தாக்கியிருக்கும் புதுவகைக் கிராய்ட்ஸ்பெல்ட்–யாக்கோப் மூளை நோய்க்கு மாட்டு நோயே மிகுதியும் காரணமாக இருக்கக்கூடும் என்று அறிவித்தார். அப்போது கண்டறியப்பட்டிருந்தோர் 10 பேர். பின்னர் ஐக்கிய இராச்சியத்தில் இந்நோயால் இறந்தோர் எண்ணிக்கை 178 ஆனது. 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் உறுதியாயிற்று. 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் கொல்லப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டன் மாட்டிறைச்சிக்குத் தடை விதித்தது. அதே ஆண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் விஷா நகரில் ஓர் இறைச்சிக் கடையிலிருந்து பரவிய ஈ.கோலை ஓ157 கிருமியால் ஏறத்தாழ 500 பேர் நோயுற்றனர். சுமார் 20 பேர் இறந்தனர். அவர்களில் முதியோரே மிகுதி.

இந்நிகழ்வுகளை ஆராய்ந்த பிலிப்ஸ் பிரபுவின் விசாரணைக் குழு 2000 அக்டோபரில் 16 தொகுதிகளாகத் தன் அறிக்கையை வெளியிட்டது. அமைச்சர்கள் பொய் சொன்னார்கள் என்று அக்குழு கூறவில்லை. மக்கள் பதறிவிடுவார்கள் என்ற அச்சத்தால் அரசு அவர்களுக்கு ஆறுதல் சொல்வதிலேயே முனைந்திருந்தது. உண்மை வெளிவந்தபோது தாங்கள் ஏமாற்றப்பட்டதாக மக்கள் உணர்ந்தனர் என்பதே அதன் முடிவு. பொய்யைவிட இதமான மழுப்பல் நம்பிக்கையை ஆழமாக அரித்துவிட்டது எனலாம்.

ஜேம்ஸ் அறிக்கையும் 90 பவுண்டு கட்டணமும்

1997இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டோனி பிளேர், அபர்தீனில் இருந்த ரோவெட் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் பேராசிரியர் பிலிப் ஜேம்ஸ் என்பவரிடம் புதிய உணவு அமைப்பு ஒன்றுக்கான திட்டத்தைக் கேட்டார். தேர்தலில் பிளேரின் கட்சி வென்ற சில நாள்களிலேயே, மே மாதம் அவ்வறிக்கை வெளியிடப்பட்டது. மக்கள் கருத்துக் கூறலாம் என்று அறிவிக்கப்பட்டதும் 600க்கும் மேற்பட்ட மறுமொழிகள் வந்தன. 1998 ஜனவரியில் வெள்ளை அறிக்கை. அதன் மீதும் கருத்துக்கேட்பு. 1999 ஜனவரியில் சட்ட வரைவு; அதன் மீதும் கருத்துக்கேட்பு. இவ்வாறு மூன்று முறை கேட்ட பின்னரே 1999 நவம்பரில் உணவுத் தரச் சட்டம் அரசியின் இசைவைப் பெற்றது.

கருத்துக்கேட்பால் எதுவும் மாறுவதில்லை என்போருக்கு இக்காலத்திலிருந்தே ஒரு மறுப்புச் சான்று காட்டலாம். முகமையின் செலவுக்காக உணவு விற்கும் ஒவ்வோர் இடமும் ஆண்டுக்கு 90 பவுண்டு கட்ட வேண்டும் என்று அரசு முன்மொழிந்தது. சிற்றூர் மூலைக்கடைக்கும் 90 பவுண்டு. நகரப் புறத்தே பரந்து கிடக்கும் பேரங்காடிக்கும் 90 பவுண்டு. இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது; சட்டம் நிறைவேறும் முன்பே அரசு அதனைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் சிறு வணிகர்கள் என்பதும், அவர்களுக்கென்று வலுவான சங்கங்கள் இருந்தன என்பதும் இங்குக் கவனிக்கத்தக்கவை. அமைப்பாகத் திரண்டவரின் குரலே கருத்துக்கேட்பில் முதலில் எட்டுகிறது.

சட்டத்தின் 22ஆம் பிரிவு, முகமை தன் பொது நோக்கங்களையும் நடைமுறைகளையும் எழுத்தில் வெளியிட வேண்டும் என்கிறது. தன் செயல்களால் பாதிக்கப்படுவோரைக் கலந்தாலோசிப்பதும், எடுத்த முடிவுகளையும் அவற்றுக்கு அடிப்படையான தகவல்களையும் பதிவு செய்து மற்றவர் பார்க்கக் கிடைக்கச் செய்வதும் அந்நோக்கங்களில் இடம்பெற வேண்டும். 19ஆம் பிரிவு இன்னும் துணிவானது. அமைச்சர்களுக்கு முகமை வழங்கும் அறிவுரையை மக்களுக்கும் வெளியிடும் அதிகாரத்தை அது தருகிறது. அமைச்சரின் காதில் மட்டும் ஓதும் முறைக்கு அது முடிவு கட்டியது.

கதவைத் திறந்து வைத்தல்

முகமையின் முதல் தலைவராக ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர் சர் ஜான் கிரெப்ஸ் பொறுப்பேற்றார். உணவுத் துறையில் அனுபவம் இல்லாதவர் என்ற குறை அப்போது சொல்லப்பட்டது. அத்துறையில் எவருக்கும் கடன்படாதவர் என்பதும் அதே செய்தியின் மறுபக்கமாகும். நுகர்வோரை முதன்மைப்படுத்துதல், திறந்த மனத்தோடு எவரும் அணுகும்படி இருத்தல், எவரையும் சாராத குரலாக இருத்தல் என்ற மூன்றையும் முகமை தன் அடிப்படைக் கொள்கைகளாக அறிவித்தது.

முகமையின் ஆளுகைக் குழு கொள்கை முடிவுகளைப் பொதுமக்கள் முன்னிலையில் கூடி எடுத்தது. அதற்கான ஆவணங்கள் கூட்டத்துக்கு முன்பே வெளியிடப்பட்டன. அரசுத் துறை ஒன்று இவ்வாறு நடந்துகொள்வது அன்று பிரிட்டனுக்குப் புதுமை. மாட்டு நோய் ஆடுகளுக்கும் பரவியிருக்கக்கூடுமா என்ற வினா எழுந்தபோது, முகமை மறைக்கவும் இல்லை, மருட்டவும் இல்லை. அப்படி நேர்ந்திருக்கக் கோட்பாட்டளவில் வாய்ப்பு உண்டு, சான்று இல்லை, ஆட்டிறைச்சியைத் தவிர்க்குமாறு கூறவில்லை, தெரிந்தவுடன் சொல்வோம் என்று அறிவித்தது. 2001இல் இது பற்றிய முக்கிய ஆய்வொன்றில் ஆட்டு மூளைக்குப் பதிலாக மாட்டு மூளை சோதிக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டு, அறிவியல் உலகம் நாணி நின்றது வேறு கதை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் ஆட்டிறைச்சிச் சந்தை குலைந்துவிடவில்லை. பத்தாண்டுக்கு முன் அமைச்சர்கள் அஞ்சிய பதற்றம் நிகழவே இல்லை.

எனினும் எல்லா விடயங்களிலும் முகமை நடுநிலை காத்தது என்று கூறிவிட முடியாது. 2005இல் டீன் பிரபுவாட்டி அளித்த மறுஆய்வு அறிக்கை, முகமை பொதுவாகச் சான்றின் வழி நடப்பதாகப் பாராட்டியது. இயற்கை வேளாண்மை உணவு, மரபணு மாற்ற உணவு ஆகிய இரண்டில் மட்டும் முகமை முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகப் பலர் கருதுவதையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது.

ஒரே வினா, இருவேறு விடைகள்

2003ஆம் ஆண்டின் கோடையில் பிரிட்டன் அரசு மரபணு மாற்றப் பயிர்கள் குறித்து நாடு தழுவிய விவாதம் ஒன்றை நடத்தியது. நூற்றுக்கணக்கான ஊர்க்கூட்டங்கள் நடந்தன. ஏறத்தாழ 37,000 கருத்துப் படிவங்கள் நிரப்பப்பட்டன. பெரும்பாலோர் ஐயத்தையும் எதிர்ப்பையும் தெரிவித்தனர். அதே ஆண்டு உணவுத் தர முகமை தனியே வேறு முறையைக் கையாண்டது. ஸ்லௌ நகரில் பொதுமக்களிலிருந்து ஒரு சிறு குழுவைக் குடிமக்கள் நடுவர் மன்றமாக அமர்த்தி, இரு தரப்பு வல்லுநர்களின் வாதங்களையும் கேட்கச் செய்தது. அக்குழுவில் பெரும்பான்மையோர், அத்தகைய உணவு கடையில் விற்கப்படலாம் என்றனர்.

நாடும் ஒன்று, ஆண்டும் ஒன்று, வினாவும் ஏறத்தாழ ஒன்றே. விடைகள் வேறுபட்டதற்குக் காரணம் கேட்ட முறை. கதவைத் திறந்து வைத்து யார் வேண்டுமானாலும் வருக என்றால், அப்பொருளில் ஏற்கெனவே உறுதியான கருத்துள்ளவர்களே முதலில் வருகிறார்கள். ஆளைத் தேர்ந்து அழைத்தால், கருத்து இன்னும் உருவாகாதவர்கள் வருகிறார்கள். ஆனால் எந்த வல்லுநர் முதலில் பேசுவது, எந்த வினாவை முன்வைப்பது என்பதை அழைத்தவரே தீர்மானிக்கிறார். இரண்டில் எது மக்கள் கருத்து என்பதற்குக் கணக்கில் விடை இல்லை. பின்னர் மரபணு மாற்ற உணவு பற்றி முகமை மற்றோர் உரையாடலுக்கு ஏற்பாடு செய்தபோது, 2010இல் வழிகாட்டுக் குழுவின் இரு உறுப்பினர்கள் அதன் போக்கு ஒருதலையானது என்று கூறி விலகினர். அவ்வாண்டே அரசு அம்முயற்சியைக் கைவிட்டது.

இந்தியாவிலிருந்து போன மிளகாய்த்தூள் ஒன்றும் முகமையின் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 2005 பிப்ரவரியில், தடை செய்யப்பட்ட சூடான் 1 என்னும் சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சுவைச்சாற்றில் சேர்க்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. அச்சாறு மற்ற உணவுகளிலும் சேர்க்கப்பட்டிருந்ததால் 400க்கும் மேற்பட்ட பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. நிறத்துக்காகச் சேர்த்த ஒரு சிட்டிகை எத்தனை தட்டுகளுக்குப் போய்ச் சேர்கிறது என்பதை மாணவர்களுக்கு விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

2010: கேட்டது ஒன்று, நடந்தது ஒன்று

முகமை தன் 2010–2015 காலத்துக்கான உத்தித் திட்டத்தை வழக்கம்போல் வரைந்து, கருத்துக் கேட்டு இறுதி செய்தது. பாதுகாப்பான உணவோடு உடல்நலம் தரும் உணவுப் பழக்கமும் அதில் ஓர் இலக்காக இருந்தது. உப்பைக் குறைக்கும் இயக்கமும், பொதியின் முகப்பில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் கொழுப்பு, சர்க்கரை, உப்பு அளவுகளைக் காட்டும் முறையும் அதற்கு முந்தைய ஆண்டுகளில் முகமை முன்னின்று செய்த பணிகள். நிற அடையாளத்தைப் பெருநிறுவனங்கள் பல விரும்பவில்லை.

2010 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூலை மாதம் புதிய கூட்டணி அரசு, இங்கிலாந்தில் ஊட்டச்சத்துக் கொள்கையை நலவாழ்வுத் துறைக்கும், பாதுகாப்போடு தொடர்பில்லாத உணவுப் பெயர்ச்சீட்டுக் கொள்கையைச் சுற்றுச்சூழல், உணவு, ஊரகத் துறைக்கும் மாற்றுவதாக அறிவித்தது. மக்கள் கருத்துக் கேட்டு எழுதிய திட்டத்தின் ஒரு பெரும்பகுதி, மக்களைக் கேளாத ஓர் அறிவிப்பால் முகமையின் கையைவிட்டுப் போயிற்று. முகமையையே கலைத்துவிடுவார்கள் என்ற பேச்சும் அந்நாள்களில் அடிபட்டது. 2011இல் திருத்திய திட்டம் வெளிவந்தது. இப்போது அதன் மையம் பாதுகாப்பு மட்டுமே.

தேர்தலில் வென்ற அரசுக்குத் துறைகளை மாற்றியமைக்கும் உரிமை உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால் கருத்துக்கேட்பின் வரம்பு எது என்பதை அந்த ஜூலை மாதம் தெளிவாகக் காட்டிவிட்டது. முகமை என்ன செய்ய வேண்டும் என்று மக்களிடம் கேட்கலாம். முகமை எதுவாக இருக்க வேண்டும் என்ற முடிவு வேறோர் அறையில் எடுக்கப்படுகிறது.

குதிரை இறைச்சி

2013 ஜனவரி 15 அன்று அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டது. மாட்டிறைச்சி பர்கர் என்று விற்கப்பட்ட 27 பொருள்களில் 10இல் குதிரையின் டி.என்.ஏ.வும், 23இல் பன்றியின் டி.என்.ஏ.வும் இருந்தன. ஒன்றில் இறைச்சியின் 29 விழுக்காடு குதிரை இறைச்சியாக இருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் ஐரோப்பா முழுவதும் சோதனைகள் நடந்தன. உறைய வைத்த ஆயத்த உணவுகள் பல திரும்பப் பெறப்பட்டன.

குதிரை இறைச்சியால் எவரும் நோயுறவில்லை. ஆயினும் மக்கள் சினந்தனர். கேடு விளையாத ஒன்றுக்கு ஏன் இத்தனை சினம் என்று அன்று கேட்டவர்கள், உணவு என்பது நம்பிக்கையின் பெயரால் வாயில் இடப்படும் பொருள் என்பதை மறந்தவர்கள். பன்றி இறைச்சியைச் சமயக் கட்டளையால் விலக்கியோருக்கு இது சினத்தோடு நிற்கவில்லை, நெஞ்சை அறுத்தது.

யார் பொறுப்பு என்ற வினா எழுந்தபோதுதான் 2010இன் பங்கீடு கண்ணுக்குத் தெரிந்தது. உணவு பாதுகாப்பானதா என்பது ஒரு துறையின் வேலை. பெயர்ச்சீட்டில் உள்ளதுதான் உள்ளே இருக்கிறதா என்பதன் கொள்கை மற்றொரு துறையின் வேலை. நேரில் சோதிப்பது உள்ளாட்சி மன்றங்களின் வேலை. இப்பிரிவினையால் குழப்பம் நேர்ந்ததை 2013 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் சுட்டிக்காட்டியது. பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் எலியட் தலைமையில் நடந்த ஆய்வின் இறுதி அறிக்கை 2014 செப்டம்பரில் வந்தது. நுகர்வோரை முதலில் வைக்க வேண்டும் என்பதைத் தன் எட்டுத் தூண்களில் முதலாவதாக அது நாட்டியது. அதன் பரிந்துரைப்படி முகமைக்குள் தேசிய உணவுக் குற்றப் பிரிவு தொடங்கப்பட்டது. ஸ்காட்லாந்து தனக்கென ஓர் அமைப்பை உருவாக்க முடிவு செய்து, 2015 ஏப்ரல் 1 முதல் பிரிந்து சென்றது.

கோழியும் 2015–2020 உத்தியும்

குதிரை இறைச்சி விவகாரம் ஓய்ந்த சூட்டில் முகமை தன் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தைத் தீட்டத் தொடங்கியது. அவ்வேளையில் மற்றொரு சோதனையும் வந்தது. பச்சைக் கோழியில் காணப்படும் கேம்பைலோபாக்டர் என்ற கிருமியால் ஐக்கிய இராச்சியத்தில் ஆண்டுக்கு 2,80,000 பேர் வரை நோயுறுவதாக முகமை மதிப்பிட்டிருந்தது. கோழியைக் குழாயடியில் கழுவினால் நீர்த்துளிகளோடு கிருமியும் சமையலறை முழுதும் தெறிக்கும் என்பதால், கழுவ வேண்டாம் என்று 2014 ஜூனில் பரப்புரை செய்தது. 44 விழுக்காட்டினர் கழுவும் பழக்கம் உடையவர்கள் என்று அதன் கணக்கெடுப்பு கூறியது. மஞ்சள் தடவி மூன்று நீர் கழுவாமல் கோழியை அடுப்பில் ஏற்றாத தமிழ் வீடுகளுக்கு இவ்வறிவுரை வியப்பாக இருக்கும். அங்கே பொதியில் அடைத்து வருவது சுத்தம் செய்து முடித்த கோழி. நன்கு வேகவைத்தாலே கிருமி அழிந்துவிடும்.

கடைகளில் விற்கும் கோழிகளை வாங்கிச் சோதித்து, எந்தப் பேரங்காடியின் கோழியில் எவ்வளவு கிருமி என்று பெயரோடு வெளியிடுவது முகமையின் திட்டம். 2014 ஆகஸ்டில் வந்த முதல் காலாண்டு முடிவில் 59 விழுக்காடு கோழிகளில் கிருமி இருந்தது தெரிந்தது. ஆனால் கடைகளின் பெயர்கள் இல்லை. திறந்த கதவைக் கொள்கையாகக் கொண்ட முகமை பெயரை ஏன் மறைக்கிறது என்று நுகர்வோர் அமைப்புகளும் நாளேடுகளும் கேட்டன. நவம்பரில் வந்த இரண்டாம் முடிவில் பெயர்கள் இருந்தன. அப்போது கிருமி இருந்த கோழிகள் 70 விழுக்காடு. பெயர் வெளிவந்த பின் பேரங்காடிகள் தங்கள் கோழிகளைத் தூய்மைப்படுத்தும் முறைகளை விரைவுபடுத்தின.

இப்பின்னணியில் உருவான 2015–2020 உத்தி, நாம் நம்பக்கூடிய உணவு என்பதைத் தலைப்பாகக் கொண்டது. உணவு பாதுகாப்பானதாக இருத்தல், சொல்லப்பட்டதே உணவாக இருத்தல், உடல்நலம் தரும் உணவு கட்டுப்படியாகும் விலையில் கிடைத்து அதனை அறிந்து தேர்ந்துகொள்ள மக்களால் முடிதல் ஆகியவை அதன் நோக்கங்கள். ஏற்க முடியாத அளவு கேட்டிலிருந்து காக்கப்படுவதும், உண்மைகளை அறிந்து தேர்வு செய்வதும், இயன்றவரை நல்ல வருங்கால உணவைப் பெறுவதும் நுகர்வோரின் உரிமைகள் என்று அது எழுதியது.

இங்கே பழைய வினா புது உருவில் திரும்பியது. ஊட்டச்சத்துப் பணி இங்கிலாந்தில் முகமையிடம் இல்லை. விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் இல்லை. அப்படியிருக்க, கட்டுப்படியாகும் நல்ல உணவு என்பதை எப்படி நோக்கமாக வைப்பது? 1999ஆம் ஆண்டுச் சட்டம் உடல்நலக் காப்போடு நிற்காமல், உணவு தொடர்பான நுகர்வோரின் பிற நலன்களையும் காக்க வேண்டும் என்கிறது. அந்தச் சொற்களை முகமை தன் துணையாகக் கொண்டது. சட்டம் எழுதியவர்கள் விட்டுச்சென்ற ஒரு தொடர் பதினைந்து ஆண்டுக்குப் பின் உயிர்பெற்றது என்று சொல்லலாம். 2022இல் வெளியான அடுத்த ஐந்தாண்டு உத்தி இன்னும் ஒரு படி சென்று, உணவு மேலும் உடல்நலம் தருவதாகவும் சுற்றுச்சூழலுக்கு நீடித்து உகந்ததாகவும் இருக்க வேண்டும் என்பதை மூன்றாம் நோக்கமாக்கியது. இதில் பெரும்பகுதியை நிறைவேற்றும் அதிகாரம் பிற துறைகளிடமே இருக்கிறது. முகமையால் சான்று தேடித் தரவும் எடுத்துச் சொல்லவும் முடியும்.

கேட்பதற்கும் ஒரு நெறி

கருத்துக்கேட்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஆங்கில நீதிமன்றங்கள் வகுத்த நெறி ஒன்று உண்டு. லண்டனில் பிரெண்ட் பகுதி உள்ளாட்சி மன்றம் பள்ளிகளை மூட முற்பட்டபோது பெற்றோர் தொடுத்த வழக்கில், 1985இல் அது உருப்பெற்றது. முடிவு இன்னும் உருவாகும் நிலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். அறிந்து பதில் சொல்வதற்குப் போதிய காரணங்களைத் தர வேண்டும். சிந்திக்கவும் பதில் எழுதவும் போதிய காலம் தர வேண்டும். வந்த கருத்துகளை நேர்மையாகக் கணக்கில் கொள்ள வேண்டும். இந்நான்கையும் 2014இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில் ஏற்று உறுதி செய்தது. பள்ளிக்கூடத்துக்காகப் பெற்றோர் போராடிப் பெற்ற நெறி இன்று அரசின் எல்லாக் கருத்துக்கேட்புகளுக்கும் அளவுகோலாக நிற்கிறது.

இந்நான்கும் நிறைவேறினாலும் யார் பதில் எழுதுகிறார் என்ற சிக்கல் தீர்வதில்லை. வணிகச் சங்கத்தில் அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். இரவுப் பணி முடித்து மலிவுவிலைப் பொதியை வாங்கிப் போகும் தாய்க்கு 40 பக்க வரைவைப் படிக்க நேரமில்லை. அமெரிக்க அறிஞர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அதில் கருத்துக்கேட்பு நான்காம் படி. மக்கள் பேசலாம், கேட்கப்படலாம். ஆனால் கேட்டது நடக்கும் என்ற உறுதி அப்படியில் இல்லை என்பதால் அதனை அடையாளப் பங்கேற்பு என்ற வகைக்குள் அவர் வைத்தார். முகமை 2008 முதல் சாதாரண மக்களைக் கொண்ட குடிமக்கள் மன்றங்களைக் கூட்டியது, வரைவுக்குப் பதில் எழுதாதவர்களின் குரலையும் பெறும் முயற்சியே.

இந்தியச் சட்டத்தில் இதன் சாயல்

மாட்டு நோயின் அதிர்ச்சி ஐரோப்பிய ஒன்றியத்தையும் மாற்றியது. 2002ஆம் ஆண்டின் 178ஆம் எண் பொது உணவுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, உணவுச் சட்டங்களை ஆக்கும்போதும் மதிப்பிடும்போதும் திருத்தும்போதும் நேரடியாகவோ, பேராளர் அமைப்புகள் வழியாகவோ வெளிப்படையான கருத்துக்கேட்பு நடைபெற வேண்டும் என்றது. அவசர நிலைக்கு மட்டும் விலக்கு.

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்துக்கு மாற்றாக இந்தியா 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தை இயற்றியபோது, அதன் 18ஆம் பிரிவில் ஏறத்தாழ இதே சொற்கள் இடம்பெற்றன. ஆனால் இந்தியச் சட்டம் ஒரு தொடரைக் கூடுதலாகச் சேர்த்தது. பேராளர் அமைப்புகள் என்பதில் எல்லா நிலையிலுமுள்ள ஊராட்சிகளும் அடங்கும் என்பதே அது. ஐரோப்பியச் சட்டத்தில் இல்லாத தொடர் இது. இட்லிக் கடை நடத்துபவரும், பால் கறந்து விற்பவரும், சந்தையில் கருவாடு விற்பவரும் வாழும் இடத்துக்கே உணவுச் சட்டத்தைக் கொண்டுசெல்லும் வழி அதில் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

இச்சட்டத்தின்கீழ் 2008இல் அமைக்கப்பட்ட இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், ஒழுங்குமுறைகளின் வரைவுகளை அரசிதழில் வெளியிட்டுக் குறிப்பிட்ட நாள்களுக்குள் கருத்துகளையும் மறுப்புகளையும் வரவேற்கிறது. அரசிதழ் வரைவுகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றன. தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் கிராம சபை குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சிகள் நாள் என ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது.